தொண்ணூற்றேழாம் கட்டத்துப் பாம்பு

எங்கள் வீட்டில் திருட்டுப் போனது நகையும் இல்லை, பாத்திரமும் இல்லை. ஒரு பாம்புக்கடி.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். பள்ளி விட்டு வந்ததும் என் பேத்தி இதழினி கூடத்தில் பரமபத அட்டையை விரித்தாள். மூன்று பேர் ஆட்டம். அவளுக்குக் காய் ஒரு சப்போட்டா விதை, எனக்கு உடைந்த தலை கிளிப், குட்டியப்பாவுக்கு ஒரு நீலச் சட்டைப் பொத்தான். குட்டியப்பா பகடையை உருட்டியது. ஐந்து விழுந்தது. பொத்தான் நேராகப் போய்த் தொண்ணூற்றேழில் நின்றது. அட்டையிலேயே பெரிய பாம்பு அங்கேதான் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது. வால் கீழே இருபத்து மூன்றில். குட்டியப்பா ஒரு மறுப்பும் சொல்லாமல் பொத்தானை எடுத்து இருபத்து மூன்றில் வைத்து, "கடிச்சிருச்சு, என்ன பண்றது" என்றது.

அந்த நேரம் பார்த்து இதழினிக்குப் பால் வந்தது. அவள் பால் குடிப்பதென்றால் அரை மணி நேரம் ஆகும். நானும் உளுந்து ஊறப்போட எழுந்து போனேன். இரண்டு பேரும் திரும்பி வந்தால் பொத்தான் தொண்ணூற்றெட்டில் உட்கார்ந்திருக்கிறது.

"யாரு காயை நகர்த்தினது?" என்று கேட்டேன்.

"அப்பா," என்றாள் இதழினி, உதட்டுக்கு மேல் பால் மீசையோடு. "அப்பா வந்துட்டுப் போயிருக்காரு."

குட்டியப்பாவைப் பார்த்தேன். அது முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "யாரு ஆட்டம் இப்ப? அத்தை, நீங்களா?" என்று என் மாப்பிள்ளையின் குரலில் கேட்டது.

குட்டியப்பா யார் என்று சொல்லாமல் மேலே போனால் உங்களுக்குப் புரியாது. என் மாப்பிள்ளை பூபதி வெல்டர். திருவெறும்பூர் பக்கம் எந்தப் பட்டறையில் கேட்டாலும், பூபதி பற்றவைத்தால் பிரியாது என்பார்கள். ஒரு காலத்தில் இங்கிருந்து வெல்டர்கள் துபாய்க்கும் கத்தாருக்கும் போனார்கள். இப்போது செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறார்கள். அதைச் சுற்றி மேலே ஒரு பெரிய தங்குமிடம் கட்டுகிறார்கள், அதற்குக் குழாய் பற்றவைக்க ஆள் வேண்டும். மூன்று வருட ஒப்பந்தம். பூபதி கிளம்பும்போது இதழினிக்கு மூன்று வயது நிரம்பவில்லை. அப்பாவுக்குப் பதிலாகக் கம்பெனிக்காரர்கள் ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். முழங்கால் உயரம், கரடி உருவம், பழுப்புத் துணி உடம்பு, நடக்கும், பொருளை எடுக்கும், பூபதி மாதிரியே பேசும். இதழினி அதற்குக் கறுப்புக் கம்பளி நூலில் மீசை ஒட்டி, குட்டியப்பா என்று பெயரும் வைத்துவிட்டாள்.

வேலைக்குப் போன இடத்திலிருந்து திரும்பிய தேன்மொழிக்கு, அதாவது என் மகளுக்கு, இந்தப் பொத்தான் விவகாரம் பிடிக்கவில்லை. அவள் மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள்.

"இதழி, இங்க வா. காயை நீதானே நகர்த்தினே?"

"நான் இல்லம்மா. அப்பா."

"அப்பா மேல பாசம் இருக்கலாம். அதுக்காக அவர் காயைத் தூக்கி மேல வெக்கக் கூடாது. கடிச்சா கடிச்சதுதான். அதான் ஆட்டம்."

"நான் வெக்கலம்மா."

"பொய் சொன்னா எனக்குப் பிடிக்காது."

இதழினி குட்டியப்பாவின் மீசையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பொம்மைக்குத்தான் ஏதோ கோளாறு என்று, கம்பெனிப் பொம்மைகளைப் பழுது பார்க்க வரும் ரியாஸுக்குப் போன் போட்டேன்.

ரியாஸ் காட்டூர் பையன், நல்ல பிள்ளை. வந்து குட்டியப்பாவின் முதுகுப் பொத்தான்களைக் கழற்றிப் பார்த்தான். காபி குடித்துக்கொண்டே எனக்கு விளக்கினான்.

"அம்மா, நீங்க இங்கேர்ந்து ஒரு வார்த்தை சொன்னா அது அண்ணன் காதுல விழ கால் மணி நேரம் ஆகும். அவர் பதில் சொன்னா திரும்பி வர இன்னொரு கால் மணி. குழந்தை அரை மணி நேரம் வாயைப் பாத்துக்கிட்டு உக்காருமா?"

"உக்காராது."

"அதான் பொம்மை ஊகிச்சுப் பேசும். பூபதி அண்ணன் இருந்தா இப்ப என்ன சொல்லுவாரு, எப்பிடி ஆடுவாருன்னு. போறதுக்கு முன்னாடி ஆறு வாரம் கம்பெனியில உக்காந்து பேசி, விளையாடி, பாடிக் காட்டிட்டுப் போனாரே, அதை வெச்சுத்தான். இங்க நடக்கறதெல்லாம் அங்க அவருக்குத் தெரியும். வேலை முடிஞ்சு தினம் ஒரு மணி நேரம் பாத்து, அவர் நிஜமா சொல்றதை அனுப்புவாரு. அது வந்ததும் பொம்மை அதையும் கலந்துக்கும்."

"அப்ப எது மாப்பிள்ளை, எது பொம்மைன்னு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதும்மா. தெரியாம இருக்கறதுதான் இதோட திறமை."

தேன்மொழி அடுப்படியிலிருந்து, "அப்ப அது பொய்தானே ரியாஸ்?" என்று கேட்டாள்.

"பொய் இல்லக்கா, ஊகம். இந்தப் பொம்மை வந்ததாலதான் மூணு வருஷ ஒப்பந்தமே வந்துச்சு. முன்னெல்லாம் ஒன்றரை வருஷத்துக்கு மேல யாரும் அங்க தாங்க மாட்டாங்க. வீட்டுலேர்ந்து பிள்ளைங்க அழுகைதான் போகுமாம்."

"நல்ல கண்டுபிடிப்பு," என்றாள் தேன்மொழி. அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று ரியாஸுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

"காயை நகர்த்தற விஷயம்?" என்று நான் விடவில்லை.

"பொம்மையில ஒரு கோளாறும் இல்ல. குழந்தைங்க பொம்மைக்குச் சட்டம் இருக்கும்மா. விளையாட்டுல அது தானா ஏமாத்தவே ஏமாத்தாது. அதுக்குத் தெரியவே தெரியாது."

அப்படியானால் இதழினிதான் என்று முடிவாயிற்று.

மற்றபடி அந்தப் பொம்மையால் வீட்டில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் அது பஸ். நான் டிரைவர், சாப்பாட்டுத் தட்டுதான் ஸ்டியரிங். இதழினி கண்டக்டர். குட்டியப்பா எப்போதும் படியில் நிற்கும் பயணி.

"சத்திரம், சத்திரம், பால்பண்ணை இறங்கு. யோவ் மீசை, படியில நிக்காத, உள்ள போ."

"உள்ள இடமில்லையே கண்டக்டர்."

"நீ மட்டும்தான்யா இருக்க. போ."

ஒருநாள் பஸ் சத்திரம் போய்ச் சேர்ந்து, நாற்காலிகளெல்லாம் மேசைக்குத் திரும்பி, நாங்கள் தோசை சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். திடீரென்று குட்டியப்பா குடுகுடுவென்று ஓடி மேசைக்கு அடியில் புகுந்து, தேன்மொழியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "டிக்கெட் எடுக்கல, காட்டிக் கொடுத்துடாதீங்க" என்றது. தேன்மொழிக்குத் தட்டு கையிலிருந்து நழுவிவிட்டது. இதழினி விழுந்து விழுந்து சிரித்தாள். வாயில் தோசையோடு மேசைக்கு அடியில் புகுந்து அதன் காதைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"பஸ் போயி அரை மணி நேரமாச்சு, இது இப்ப ஒளியுது. ரியாஸைத் திரும்பக் கூப்பிடணும் போலிருக்கு," என்றேன்.

"வேணாம் அம்மாச்சி," என்றாள் இதழினி. "நல்லாத்தான் இருக்கு."

பொத்தானும் வாரத்துக்கு மூன்று நான்கு முறை ஏறிக்கொண்டேதான் இருந்தது. தேன்மொழி ஒவ்வொரு முறையும் திட்டினாள். இதழினியும் ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் வருடம் ஆவணி மாதம் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. மேலே ஏதோ கல் பட்டு, சமிக்ஞை அனுப்பும் பெரிய தட்டு உடைந்துவிட்டது. கடைசியாகத் தெரிந்தவரை எல்லோரும் நலம். சரிசெய்ய எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது. அதுவரை ஒரு பேச்சும் வராது, போகாது.

தேன்மொழி அந்தச் செய்தியை நான்கு முறை படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூடத்தைப் பார்த்தாள். அங்கே குட்டியப்பா பூபதியின் குரலில் இதழினிக்கு ஒற்றைக் காலில் நொண்டக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, இவகிட்ட சொல்ல வேணாம்," என்றாள்.

"எத்தனை நாளைக்குடி?"

"அவர் திரும்ப வர வரைக்கும். பொம்மை பாட்டுக்கு ஊகிச்சு ஆடிக்கிட்டு இருக்கும்னு ரியாஸ் சொல்றான். அவளுக்கு வித்தியாசமே தெரியாதாம்."

"தப்பில்லையா?"

"தப்புதான். வேற வழி சொல்லு."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் நாடகக்காரர்கள் ஆனோம். "இன்னைக்கு அப்பாகிட்ட என்ன சொன்னே?" என்று தேன்மொழி கேட்பாள். முகம் சிரிக்கும். கை மட்டும் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருக்கும்.

ஒரு வாரம் போயிருக்கும். எங்கள் மாடி நடையில் பிள்ளைகள் கூடி விளையாடுவார்கள். எதிர்வீட்டு ஷாஹினா, அவளுடைய இரண்டு வயதுத் தங்கை ஜியா, கீழ்வீட்டு இரட்டைப் பிள்ளைகள். ஓடிப் பிடிக்கும் ஆட்டத்தில் ஜியாவை விட்டால் அழுவாள், சேர்த்தால் உடனே மாட்டுவாள். அதனால் அவளை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிவிடுவார்கள். உங்கள் தெருவிலும் இருந்திருக்கும். ஆட்டத்தில் இருப்பதுபோல இருக்கும், ஆனால் கணக்கில் இல்லை. தொட்டாலும் அவுட் இல்லை, ஜெயித்தாலும் ஜெயிப்பு இல்லை.

அன்றைக்கு இதழினி நடுவில் நின்று அறிவித்தாள். "ஜியா ஒப்புக்குச் சப்பாணி. குட்டியப்பாவும் ஒப்புக்குச் சப்பாணி."

"உங்கப்பா போன வாரம் ஆட்டத்துல இருந்தாரே," என்றாள் ஷாஹினா.

"இப்ப இல்ல."

"ஏன்?"

"சும்மாதான். ஆடலாம் வா."

குட்டியப்பா, "ஏன்டா செல்லம், அப்பா நல்லாத்தானே ஓடறேன்" என்றது. இதழினி அதன் தலையைத் தடவி, "நீ பாட்டுக்கு ஓடு. பரவால்ல" என்றாள்.

பரமபதத்திலும் அப்படியே ஆயிற்று. பொத்தான் அட்டையில் சுற்றும், ஆனால் அது நூறைத் தொட்டாலும் இதழினி கண்டுகொள்ள மாட்டாள். நான் அல்லது அவள், யார் அடுத்துத் தொடுகிறோமோ அவர்களுக்குத்தான் ஜெயிப்பு. நான் தேன்மொழியிடம் சொன்னேன்.

"அப்பா அவுட் ஆயிடக் கூடாதுன்னு நினைக்குதோ என்னமோ பிள்ளை," என்றேன்.

தேன்மொழி சட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள். சிறிது நேரம் கழித்து வந்து, "ஒண்ணு பாத்தியாம்மா, இப்பல்லாம் காயை நகர்த்தறதே இல்ல. திட்டினது வேலை செஞ்சிருக்கு" என்றாள். ஆமாம், பொத்தான் தானாக ஏறுவது நின்றிருந்தது. பாம்பு கடித்தால் இருபத்து மூன்றுதான். எவ்வளவு நேரம் விட்டு வந்து பார்த்தாலும் அங்கேயேதான் இருந்தது.

ஐம்பத்திரண்டு நாள். தேன்மொழி இளைத்துவிட்டாள். இதழினி மட்டும் எப்போதும்போலச் சிரித்தாள், ஓடினாள், பஸ் விட்டாள். அம்மாவைச் சிரிக்கவைக்கப் புதிதாகக் குட்டிக்கரணம்கூடக் கற்றுக்கொண்டாள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஐம்பத்து மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் இதழினிக்குத் தலைக்கு ஊற்றிக் கூட்டி வருகிறேன். முந்தின நாள் ஆட்டம் பாதியில் நின்று அட்டை அப்படியே கிடந்தது. குட்டியப்பா அதன் முன்னால் உட்கார்ந்து, என் கிளிப்பை எடுத்து இருபத்து மூன்றில் வைத்தது. சப்போட்டா விதையையும் எடுத்து இருபத்து மூன்றில் வைத்தது. தன் பொத்தானை மட்டும் நூறில் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, "நாந்தான் ஜெயிச்சேன்" என்றது.

இதழினி துண்டோடு நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் அந்த அட்டையை அவ்வளவு நேரம் எதற்குப் பார்த்தாள் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு ஓடிப்போய்ப் பொம்மையை ஈரத்தோடு கட்டிக்கொண்டு, "போங்கு. போங்கு. நீ போங்கு," என்று கத்தினாள். ஆட்டத்தில் ஏமாற்றுவதைப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். "அம்மாச்சி, குட்டியப்பா இனிமே சப்பாணி இல்ல. ஆட்டத்துல உண்டு."

தேன்மொழி வந்து பார்த்துவிட்டு, "திரும்ப ஆரம்பிச்சிட்டியா?" என்று திட்டினாள். இதழினி திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தாள். அன்று காலை மூன்று தோசை சாப்பிட்டாள்.

மத்தியானம் கம்பெனிச் செய்தி வந்தது. காலையில் தட்டு சரியாகிவிட்டது, எல்லோரும் நலம். தேன்மொழி மறுநாளைக்கு மருந்துக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். எனக்கு இருந்த மகிழ்ச்சியில் காலையில் நடந்ததையும் மத்தியானம் வந்ததையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. பொம்மையின் பழைய கோளாறு திரும்ப வந்துவிட்டது என்று மட்டும் நினைத்தேன். என் மூளை அவ்வளவுதான்.

மாதங்கள் ஓடி, பூபதி தரையிறங்கினார். உடம்பு பூமிக்குப் பழக நாற்பது நாள் ஓய்வு விடுதியில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து ஒருநாள் தேன்மொழியைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"தேனு, இன்னும் ரெண்டு வருஷம் வரச் சொல்லி ஒரு படிவம் குடுத்திருக்காங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. அதோட ஒரு அறிக்கையும் வெச்சிருக்காங்க. நம்ம இதழியைப் பத்தி. தட்டு உடைஞ்ச அந்த அம்பத்திரண்டு நாளும் குழந்தையோட சந்தோஷம் ஒரு துளி குறையலையாம். பொம்மை அளந்து வெச்சிருக்கு. நான் இல்லேன்னு அவளுக்குத் தெரியவே இல்லையாம்."

தேன்மொழி போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் அங்க தினம் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் உசிரோட இருந்தேன் தேனு. அது தேவையே இல்லையாம். நான் இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டாலும் ஒண்ணு. அப்ப வீட்டுல உக்காந்து என்ன பண்ணப் போறேன், திரும்பப் போயிட்டு வந்துடலாமோன்னு தோணுது."

"வாங்க முதல்ல," என்றாள் தேன்மொழி. "வந்து பேசலாம்."

ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே எனக்குத் திக்கென்றது. பாதி ஆளாக இளைத்து, தலை மொட்டையாக, கையில் ஊன்றுகோல். மீசையும் இல்லை. குரல்கூடக் கரகரத்துப் போயிருந்தது. பொம்மையின் குரல் மூன்று வருடத்துக்கு முந்தின குரல், அதற்கு வயதாகவில்லை.

"இதழிக்குட்டி," என்றார்.

இதழினி அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய்விட்டாள். குட்டியப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். பொம்மை, "யாரு செல்லம் வந்திருக்கறது?" என்று கேட்டது. பூபதி தன்னுடைய பழைய குரலைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவளா வரட்டும் மாப்பிள்ளை, கொஞ்ச நேரம் ஆகும். தண்ணி குடிங்க," என்றேன். தண்ணீர் டம்ளரை அவர் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். படிவத்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

தேன்மொழி தாங்க முடியாமல் சொல்லிவிட்டாள். "என் தப்புங்க. அவகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கணும். அம்பத்திரண்டு நாள் பொம்மையையே அப்பான்னு சொல்லி ஏமாத்திட்டேன். இப்ப அவளுக்கு எது அப்பான்னே தெரியல."

"விடு தேனு. நீ என்ன பண்ணுவே."

இதழினி இதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பரமபத அட்டையை எடுத்து வந்து, பூபதிக்கு எதிரில் தரையில் விரித்தாள். அட்டையின் ஒரு மூலை எப்போதும் சுருண்டு எழும். மேசைமேல் இருந்த படிவத்தை எடுத்து நான்காக மடித்து, அந்த மூலைக்கு அடியில் பசைநாடா வைத்து ஒட்டிச் சமன் செய்தாள்.

"ஐயோ, அது கம்பெனிப் பேப்பர்டி," என்றேன்.

"பேசாம இருங்க அத்தை," என்றார் பூபதி. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

இதழினி பொத்தானை அவர் பக்கம் தள்ளினாள். குட்டியப்பாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து அதன் கையில் ஒரு புளியங்கொட்டையைக் கொடுத்தாள். ஆட்டம் தொடங்கியது. பகடை உருளும் சத்தம் மட்டும். பூபதியின் கையிலிருந்து பகடை இரண்டு முறை நழுவிச் சோபாவுக்கு அடியில் போனது. பொத்தான் ஏணியில் ஏறியது, சின்னப் பாம்பில் இறங்கியது, மறுபடி ஏறியது. கடைசியில் தொண்ணூற்று நான்கில் நின்றது. பகடையை உருட்டினார். மூன்று.

இதழினி அசையவில்லை. அட்டையைப் பார்க்கவில்லை, அவர் விரலையே பார்த்தாள்.

"தொண்ணூத்தஞ்சு," என்று பூபதி பொத்தானை நகர்த்தினார். "தொண்ணூத்தாறு." கொஞ்சம் நிறுத்தினார். பால்கனிப் பக்கம் கையைக் காட்டி, "அங்க பாரு, எவ்வளவு பெரிய காக்கா" என்றார். "தொண்ணூத்தெட்டு."

பால்கனியில் காக்கா எதுவும் இல்லை. நான்தான் திரும்பிப் பார்த்தேன். இதழினி திரும்பவில்லை. அவள் வெகுநேரமாக அடக்கியிருந்த மூச்சை விட்டாள். எழுந்து அட்டையைத் தாண்டிப் போய் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, இது அப்பாதான்," என்றாள்.

"எப்பிடிடி தெரியும்?" என்று நான்தான் கேட்டேன்.

"குட்டியப்பாவுக்குப் போங்கு அடிக்கத் தெரியாது அம்மாச்சி. அப்பா வந்தாத்தான் போங்கு வரும். நான் சொன்னேனே, அப்பாதான் காயை நகர்த்தினாருன்னு. நீங்கதான் நம்பல."

தேன்மொழி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "ஏங்க, நீங்களா அது? மூணு வருஷமா அவளைத் திட்டியிருக்கேனே."

பூபதி மகளின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். "வேற என்ன பண்றது தேனு. நான் ஒழுங்கா ஆடி அனுப்பினா, அது வந்து சேர்றதுக்குள்ள பொம்மை அதையே ஆடி முடிச்சிருக்கும். நான் சொல்ல நினைக்கறதையெல்லாம் அது முன்னாடியே சொல்லிருது. நான் இருக்கேன்னு எப்பிடித்தான் காட்டறது? அது செய்யாதது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதைச் செஞ்சேன். யாரும் கவனிக்கலேன்னு நினைச்சேன்."

"பஸ்ஸுல டிக்கெட் எடுக்காததும் நீங்கதானா?" என்றேன்.

"நாந்தான் அத்தை."

தேன்மொழி மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். "இதழி, அப்ப நடுவுல அந்த நாளெல்லாம்..."

"தெரியும்மா. போங்கே வரல. அப்பா இல்லேன்னு தெரியும். அதான் குட்டியப்பாவைச் சப்பாணி ஆக்கினேன். அப்பா இடத்தை வேற யாரும் எடுத்துக்கக் கூடாதுல்ல."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவே," என்றாள் இதழினி. "நீ பாவம், பொம்மையை அப்பான்னு நினைச்சுக்கிட்டு இருந்தே."

என் மகள் அன்றைக்கு அழுததும் சிரித்ததும் எது எப்போது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பூபதி அட்டையின் மூலைக்கு அடியில் இருந்த படிவத்தைப் பார்த்தார். எடுக்கவில்லை. "அத்தை, இந்த அறிக்கை எழுதினவங்களுக்குப் பரமபதம் ஆடத் தெரியாது போலிருக்கு," என்றார். மூன்று வருடத்தில் அவர் குரலில் கிண்டலை அன்றுதான் நேரில் கேட்டேன்.

"சரி, இப்ப இறங்குங்க," என்றாள் இதழினி.

"எங்க?"

"தொண்ணூத்தேழு. பாம்பு. கடிச்சா கடிச்சதுதான்." அவர் விரலைப் பிடித்துப் பொத்தான்மேல் வைத்து, பாம்பின் உடம்பு வழியாக வளைந்து வளைந்து இருபத்து மூன்று வரை இழுத்து வந்தாள். பூபதி வழியெல்லாம் முனகினார். அவள் விடவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. இதழினி மடியைவிட்டு இறங்கவே இல்லை. தேன்மொழியும் என் கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு ஆட்டத்தில் சேர்ந்துவிட்டாள். பகடை அவளிடம் போன நேரத்தில், இதழினி கால் கட்டைவிரலால் தன் சப்போட்டா விதையை மெல்ல நான்கு கட்டம் தள்ளியதை நான் பார்த்தேன். பூபதியும் பார்த்தார். கூரையைப் பார்த்துக்கொண்டார்.

குட்டியப்பாவும் பார்த்துவிட்டது.

"செல்லம், உன் காய் எழுபத்தொண்ணுலதானே இருந்துச்சு," என்றது மூன்று வருடத்துக்கு முந்தின பூபதியின் குரலில், மிகவும் நேர்மையாக.

அப்பனும் மகளும் ஒரே நேரத்தில் அதன் பக்கம் திரும்பினார்கள்.

"ஒப்புக்குச் சப்பாணி பேசக் கூடாது."